மேற்குப் பார்த்த வீடு

பிப்ரவரி 3

உரக்கடைக்காரர் கொடுத்த டைரி. ஜனவரி முழுக்கக் காலியாகக் கிடக்கிறது. எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. இன்று நடந்திருப்பதால் ஆரம்பிக்கிறேன்.

முதலில் விதி. முப்பத்து நான்கு வருடம் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தவன் நான். எங்கள் அளவைப் புத்தகத்தில் எழுதியதை ரப்பரால் அழிக்கக் கூடாது. தப்பு என்றால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். அடித்த சொல்லும் படிக்கத் தெரிய வேண்டும். இந்த டைரிக்கும் அதே விதிதான்.

விஷயம் இது. பைபாஸ் ஓரத்து நிலம் விற்ற பணம் பாங்கில் தூங்குகிறது. அதில் மலேசியாவில், கோலாலம்பூரில், ஒரு காண்டோமினியம் வாங்கப் போகிறேன். மாடிமேல் மாடியாக அடுக்கி, கீழே நீச்சல் குளமும் வாசலில் காவலும் வைத்து, வெளிநாட்டுக்காரனுக்கும் பத்திரம் செய்து தருகிற வீட்டுக்கு அந்தப் பெயர். சுத்தமான முதலீடு. நாளை சென்னையில் ஒரு ஓட்டலில் இதற்கென்றே கண்காட்சி நடக்கிறது. இன்று கோவில்பட்டியிலிருந்து ரயில்.

எங்கள் ஒரே மகள் செண்பகவல்லியும் கோலாலம்பூரில்தான் இருக்கிறாள். அது வேறு விஷயம். வேலைக்குப் போன இடத்தில், இரண்டு வருடத்துக்கு முன், ஒரு சீனப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பல் டாக்டராம். எனக்கும் டிக்கெட் போட்டிருந்தது. கிளம்புகிற அன்றைக்குப் பார்த்துக் கடுமையான பல்வலி. போக முடியவில்லை. என் மனைவி பிரமு தனியாகப் போய்வந்தாள். அன்றிலிருந்து செண்பா என்னோடு பேசுவதில்லை. ஒரு மனிதனுக்குப் பல்வலி வரக்கூடாதா?

ரயிலில் பிரமு கேட்டாள்: "வெளிநாட்டுலதான் வாங்கணும்னா துபாய்ல வாங்குறது. எல்லாரும் அங்கதான வாங்குதாங்க?"

"துபாய்ல வெயில் ஜாஸ்தி" என்றேன்.

"கோவில்பட்டிக்காரரு வெயிலுக்குப் பயப்படுதீகளாக்கும்" என்று சொல்லிவிட்டு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

பிப்ரவரி 4

ஓட்டலில் கல்யாண வீடு மாதிரிக் கூட்டம். சட்டையை உள்ளே விட்ட பையன்கள் ஒவ்வொரு தேசத்தின் பெயரையும் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மலேசியாக் கடையில் யோகேஸ்வரி என்று ஒரு பெண். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என்னைப் பார்த்ததும், "வாங்க அங்கிள், பசியாறியாச்சா?" என்றாள். காலை டிபன் சாப்பிட்டாயிற்றா என்பதை அவர்கள் அப்படித்தான் கேட்பார்களாம். நல்ல தமிழ்.

கட்டி முடித்த கட்டடம். பதினேழாம் மாடியில் இரண்டு வீடு மிச்சம் இருந்தது. வரைபடத்தை விரித்தாள். எங்கள் துறைப் படங்களில் காகிதத்தின் மேல்பக்கம் எப்போதும் வடக்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் இரண்டாவது வீட்டின் பால்கனி கிழக்கே வருகிறது. சூரியன் நேரே வீட்டுக்குள் உதிக்கும். பஜாரில் பாதிப் பேர் என்னிடம் வாஸ்து கேட்டுத்தான் கதவு வைக்கிறார்கள், எனக்கு வேறு யார் சொல்ல வேண்டும்? வரைபடத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி இருந்தது. அலங்காரம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

"அங்கிள், அந்த வீட்டுக்கு வியூ இல்ல லா" என்றாள் யோகேஸ்வரி, அந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்கிற 'லா'வோடு. "எதிர்ல இன்னொரு கொண்டோதான் நிக்குது. இந்தப் பக்கத்து வீடு எடுங்க, பெரிய பார்க்கு தெரியும்."

"மரம் எங்க ஊர்லயும் இருக்கும்மா."

அதுவரை சும்மா இருந்த பிரமு, "எதிர்ல நிக்கிற கட்டடத்துக்குப் பேரு என்னம்மா?" என்றாள். யோகேஸ்வரி பெயரைச் சொன்னாள். பிரமு அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தாள். மத்தியானச் சாப்பாட்டில் தன் இலையில் இருந்த ஜாங்கிரியை எடுத்து என் இலையில் வைத்தாள். சர்க்கரை என்று இத்தனை நாள் தடுத்தவள்.

பிப்ரவரி 5

ஒரு விளக்கம். பிரமுவுக்கு கோலாலம்பூரிலிருந்து பார்சல் வருவதுண்டு. அதன்மேல் ஒட்டியிருக்கும் அனுப்புநர் முகவரியை நான் படிப்பதில்லை. கண்ணில் படுவது வேறு, படிப்பது வேறு.

பிப்ரவரி 19

முன்பணம் போயிற்று. பாங்க் மேனேஜர், "எதுக்கு சார் மலேசியா?" என்று கேட்டார். வாஸ்து என்றேன்.

மார்ச் 17

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிரமு கொல்லைப்புறத்துக்குப் போனை எடுத்துக்கொண்டு போவாள். மகளோடு பேசுவது எனக்குத் தெரியாது என்று அவள் நினைப்பு. நானும் அந்த நேரம் பார்த்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போவேன். ஒரே கறிவேப்பிலைச் செடிக்கு வாராவாரம் அரை மணி நேரம் ஊற்றியதில் அது வேர் அழுகிப் போய்விட்டது. பிரமு அதைப் பிடுங்கிப் போடும்போது சொன்னாள்: "இனிமே அந்தத் தொவைக்கிற கல்லுல ஒக்காந்தே கேளுங்க. பாவம், பச்சச் செடி."

என்ன சொல்கிறாள் என்றே எனக்குப் புரியவில்லை.

மே 28

அந்த ஊரில் வெளிநாட்டுக்காரன் வீடு வாங்க அரசாங்கத்தின் சம்மதம் வேண்டும். மூன்று மாதமாக அதற்குத்தான் காத்திருந்தோம். இன்று வந்துவிட்டது. வக்கீல் அனுப்பிய காகிதத்தில் ஒரு கேள்வி: வீடு வாங்குவது குடியிருக்கவா, முதலீட்டுக்கா? முதலீடு என்று பெரிய எழுத்தில் நிரப்பினேன். பிரமு எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப ஊறுகா பரணிய எடுத்து வைக்க வேண்டாமா?" என்றாள்.

எதற்கும் இருக்கட்டும், எடுத்து வை என்றேன்.

ஜூலை 22

சாவி தயார் என்று யோகேஸ்வரி போன் செய்தாள். ஆடி மாதம் முடியட்டும் என்றேன். "அங்கிள், இங்கேயும் ஆடி இருக்கு லா, நானே வெய்ட் பண்ணச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள். கெட்டிக்காரி.

ஆகஸ்ட் 24

பெட்டி கட்டும் வேலை. பிரமு பால் காய்ச்ச வெண்கலப் பானையை எடுத்துக்கொள்கிறாள். மூன்றரைக் கிலோ. அதன் உள்ளே கடலைமிட்டாயை அடுக்கியிருக்கிறாள். "யாருக்கு இவ்வளவு?" என்றேன். "முதலீட்டுக்கு" என்றாள். இந்த வயதில் இவளுக்கு வாய் நீண்டுகொண்டே போகிறது.

நான் என் பழைய காம்பஸை எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 26

வந்துவிட்டோம். வாழ்க்கையில் முதல் முறை விமானம். ஜன்னலோரம் உட்கார்ந்து கடல் முழுவதும் பார்த்தேன். வரப்பு இல்லை, கல் இல்லை. அளக்க முடியாத இடம்.

கட்டடத்து லிப்டில் மூன்றுக்குப் பிறகு மூன்று-ஏ, பதின்மூன்றுக்குப் பிறகு பதின்மூன்று-ஏ. நாலு என்பது சீனர்களுக்கு ஆகாத எண்ணாம். நமக்கு எட்டு ஆகாது. எட்டென்றால் அவர்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்களாம். ஒரு கட்டடத்தில் நானும் அவர்களும் பாதிப் பாதி எண்ணைக் கழித்தால் கடைசியில் யாருக்கு என்ன மிஞ்சும்?

வீடு நன்றாக இருக்கிறது. சுவர் நேர். மூலைமட்டம் சரி.

ஆகஸ்ட் 27

காலையில் பால்கனியில் நின்று சூரியனைக் கும்பிடக் காத்திருந்தேன். வெளிச்சம் வந்தது, சூரியன் வரவில்லை. காம்பஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஊசி நின்ற இடத்தைப் பார்த்தால் என் கிழக்கு மேற்காக இருக்கிறது. வரைபடத்தில் கட்டட வாசலைக் கீழே வைத்து, தெற்கை மேலே போட்டிருக்கிறார்கள். ஓரத்தில் இருந்த அம்பு அலங்காரம் இல்லை, வடக்குக் குறி.

நான் ஏமாந்துவிட்டேன். இதை இங்கே தெளிவாகப் பதிவு செய்கிறேன்.

யோகேஸ்வரியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவள் பயந்துபோய், "அங்கிள், அந்தப் பார்க்குப் பக்கம் இருக்கிற வீடு இன்னும் போகல. அது அசல் கிழக்குதான். நான் பேசி மாத்தித் தரவா?" என்றாள்.

உடனே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாவம், சின்னப் பெண், எதற்கு அலைய வேண்டும்.

பிரமு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். மேற்குப் பார்த்த வீட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தலாக இருந்தது.

ஆகஸ்ட் 28

எதிர்க் கட்டடம் வெள்ளை நிறம். கட்டை விரலை நீட்டிப் பார்த்துத் தூரம் கணிப்பது எங்கள் பழக்கம். நூற்று முப்பது மீட்டர் இருக்கும். நடுவில் ஒரு ரோடு. பன்னிரண்டாம் மாடியில், இடமிருந்து மூன்றாவது பால்கனியில் ஒரு துளசித்தொட்டி இருக்கிறது. ஏழேகால் மணிக்கு ஒரு பெண் வந்து துணி காயப்போட்டாள். ஒவ்வொரு துணியையும் இரண்டு தடவை உதறிவிட்டுக் கிளிப் மாட்டினாள். செண்பா மூன்று தடவை உதறுவாள். ஆகவே அது அவளாக இருக்க முடியாது.

ஆகஸ்ட் 29

இன்று மூன்று தடவை உதறினாள்.

ஆகஸ்ட் 30

கிரகப்பிரவேசத்துக்குக் குருக்களைப் பார்த்தோம். செப்டம்பர் 6 நல்ல நாள், அதை விட்டால் ஆவணி முடிந்து புரட்டாசி வந்துவிடும் என்றார். ஓமம் வேண்டாம், புகை வந்தால் மணி அடித்துத் தீயணைப்புக்காரன் வந்துவிடுவான், கணபதி பூஜையும் பால் காய்ச்சுவதும் போதும் என்றார். அனுபவஸ்தர். கிளம்பும்போது, "பிறந்த பொண்ணுதானே பால் காய்ச்சப் போறா? ஊர்லேர்ந்து வராளா, இங்கேயே இருக்காளா?" என்று கேட்டார்.

எங்கள் பக்கம் அது வழக்கம். புது வீட்டில் அந்த வீட்டில் பிறந்த பெண்தான் முதலில் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்ச வேண்டும். கோவில்பட்டி வீட்டில் என் அக்கா காய்ச்சினாள். அக்கா இப்போது இல்லை. எனக்கு இருப்பது ஒரே மகள்.

"இங்கேயேதான் இருக்கா" என்று பிரமு பதில் சொன்னாள்.

சாயங்காலம் நடந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். நான்கு நாளாக இப்படித்தான் நடக்கப் போகிறாள், ஒருநாளும் வியர்த்து வந்ததில்லை. இன்று வந்து என் எதிரே உட்கார்ந்து நேராகவே சொன்னாள்.

"செண்பா வீட்டுக்குத்தான் போயிட்டு வாரேன். பால் காய்ச்ச வாம்மான்னு கேட்டேன். 'கல்யாணத்துக்கு அப்பாவுக்கு நான் பத்திரிகை வச்சேன், அவுக வரல. இப்ப அவுக வந்து வெத்தலபாக்கு வச்சுக் கூப்பிடட்டும்'ங்கா."

"நீ கூப்பிட்டா பத்தாதா?"

"பத்தாதாம்."

"வரலேன்னா?"

"வரலேன்னா நான் பால் காய்ச்ச மாட்டேன். இண்டக்சன் அடுப்புல வெண்கலப்பானையும் சூடாக மாட்டேங்கு. ரெண்டு பேரும் பச்சத் தண்ணியக் குடிச்சிட்டு ஊருக்குப் போவோம்" என்றாள்.

செப்டம்பர் 1

காலையில் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பட்டுப்புடவை, பழம். பிரமு எடுத்துத் தந்தாள். தான் வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். சட்டையை இரண்டு தடவை மாற்றிக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன்.

எதிர்க் கட்டடத்தின் வாசலில் காவலர் ஒரு நோட்டை நீட்டினார். பெயர், வீட்டு எண், வந்த காரணம். காரணத்துக்கு இவ்வளவு சின்னக் கட்டம் போட்டால் என்னத்தை எழுத? "சர்வே" என்று எழுதினேன். காவலர் தாம்பாளத்தைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

பிரமு கதவைத் திறந்து, "என்ன, வீட்ட அளந்தாச்சா?" என்றாள்.

செப்டம்பர் 2

லிப்ட் வரை போனேன். அதற்கு அட்டை வேண்டுமாம். காவலர் வந்து தேய்த்து விடுகிறேன் என்றுதான் சொன்னார். வெற்றிலை வாடிவிட்டதால் திரும்பினேன்.

வாழைப்பழம் கறுத்துவிட்டது. அதை நாங்களே சாப்பிட்டோம்.

செப்டம்பர் 3

மூன்றாம் தடவை. புது வெற்றிலை. காவலர் நோட்டை நீட்டும்போதே சிரித்தார். காரணம் என்ற கட்டத்தில் "மகளை அழைக்க" என்று தமிழில் எழுதினேன். அவருக்குப் புரிந்திருக்காது, ஆனால் லிப்டில் அட்டையைத் தேய்த்துப் பன்னிரண்டை அவரே அழுத்திவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டு வைத்தேன்.

கதவைத் திறந்தது அந்த டாக்டர். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் தோசைக்கரண்டியோடு நின்றார். நான் ஆங்கிலத்தில் ஆரம்பிப்பதற்குள், "வாங்க மாமா. பசியாறிட்டீங்களா?" என்றார். வடக்கே கெடா மாநிலத்தில் ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவராம், கூட விளையாடியவர்கள் எல்லாம் தமிழ்ப் பிள்ளைகளாம். இதைப் பிரமு கொல்லைப்புறத்தில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. கேட்காதவனுக்கு எப்படி ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை.

செண்பா சமையலறையிலிருந்து வந்தாள். கொஞ்சம் பூசியிருக்கிறாள். வலது புருவத்தில் சின்ன வயதில் விழுந்த தழும்பு அப்படியே இருக்கிறது. இரண்டு வருடம் எட்டு மாதம் கழித்து என் மகள் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி:

"பல்லு எப்பிடி இருக்குப்பா?"

"பரவால்ல" என்றேன்.

தாம்பாளத்தை நீட்டினேன். "புது வீட்டுக்குப் பால் காய்ச்சணும். நீ வரணும்." வழியில் பெரிதாக என்னென்னவோ பேசத் தயார்செய்து வைத்திருந்தேன். அவ்வளவுதான் வந்தது.

அவள் வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ரெண்டு வருசமா வலிக்கிற பல்ல வச்சுக்கிட்டு எப்பிடிப்பா பந்தில ஒக்காருவீக? இவருகிட்ட காட்டுங்க. நாளைக்கு கிளினிக்குக்கு வாங்க. அவர் பாத்து என்ன ஏதுன்னு சொல்லட்டும். அப்பறம் வாரேன்."

"செண்பா…" என்றார் டாக்டர்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள். என் மகள்தான், சந்தேகம் இல்லை.

தாம்பாளத்தை அவர்கள் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். இரண்டு தோசை சாப்பிட்டேன். மறுக்க முடியவில்லை. முறுகலாக இருந்தது.

செப்டம்பர் 4

பல் டாக்டரின் நாற்காலி மனிதனைச் சாய்த்துப் போட்டு வாயைத் திறக்க வைத்துவிடுகிறது. அந்த நிலைமையில் எவனாலும் கௌரவமாக இருக்க முடியாது.

"எந்தப் பல்லு மாமா?"

வலது பக்கம் கீழே கடைசிக்கு முந்தினதைக் காட்டினேன். எதையாவது காட்ட வேண்டுமே. குத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், காற்று அடித்தார். ஒரு படமும் எடுத்தார். படம் எனக்கு நேரே திரையில் வந்தது. எனக்கு வைத்தியம் தெரியாது, ஆனால் படம் பார்க்கத் தெரியும். அத்தனை பல்லும் ஊன்றின எல்லைக்கல் மாதிரி அசையாமல் நிற்கிறது. ஒரு கறை கிடையாது.

டாக்டர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். கதவோரம் செண்பா நின்றுகொண்டிருந்தாள்.

"என்னவாம்?" என்றாள்.

என் வாயில் பஞ்சு. அகப்பட்டுக்கொண்டேன் என்று கண்ணை மூடினேன். இந்தப் பையனின் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்கச் சொன்ன பொய். அதை அவன் வாயாலேயே உடைக்கட்டும் என்றுதான் அவள் இங்கே கூட்டிவந்திருக்கிறாள். உடைக்க அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு.

டாக்டர் திரையை அணைத்தார். "ஆழமா போயிருக்கு செண்பா" என்றார். "அந்த நேரத்துல மாமாவுக்கு ரொம்பத்தான் வலிச்சிருக்கும். இப்ப ஆறிடுச்சு. பயம் இல்ல."

செண்பா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி. ஆறாந்தேதி வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அவள் நம்பவில்லை. என் மகளுக்கு வாயைப் பார்த்தே பொய் தெரியும்.

அந்தப் பையன் பஞ்சை எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தான். தன் தொழிலில் பொய் சொல்லி என் மானத்தைக் காப்பாற்றியவன் முகத்தில் அதற்கான பெருமை கொஞ்சம்கூட இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. தொட்டியில் துப்புவதற்காகக் குனிந்த நான் நிமிர ரொம்ப நேரம் ஆயிற்று.

"வலிக்குதா மாமா?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

செப்டம்பர் 5

நினைத்த காரியம் நடக்கப்போகிறது. நாளை வருகிறாள். சந்தோஷமாக இருக்க வேண்டியவன் காலையிலிருந்து டைரியைக் கையில் வைத்துக்கொண்டு பால்கனிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். பிரமு, "தரை தேயுது" என்றாள்.

பதினோரு மணிக்கு டைரியை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். நோட்டில் காரணம்: "திருத்தம்".

செண்பா தனியாக இருந்தாள். "அவர் நேத்து சொன்னது பொய்" என்றேன். "என் பல்லுல ஒண்ணும் இல்ல. அன்னைக்கும் இல்ல. எனக்காக அந்தப் புள்ள பொய் சொல்லிட்டு. அது என்னால தாங்க முடியல."

"தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சா வேற. எழுத்துல இருக்கணும்."

மேசையில் டைரியை வைத்து பிப்ரவரி 3-ஐத் திறந்தேன். 'கடுமையான பல்வலி' என்பதை ஒற்றைக் கோடு போட்டு அடித்தேன். மேலே சரியானதை எழுத வேண்டும் என்பது விதி. 'வீம்பு' என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன். முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனையோ திருத்தம் போட்டிருக்கிறேன். என்னைப் பற்றியே போட்டது இது ஒன்றுதான்.

செண்பா பக்கத்தில் வந்து நின்று படித்தாள். என்னைவிட உயரம் அவள், அது எனக்கு மறந்தே போயிருந்தது. "மணவறையில ஒக்காந்து வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்பா" என்றாள். "கடைசி நிமிசத்துல வந்துருவீகன்னு."

அவள் என் தோளில் தலையைச் சாய்த்தபோது, தப்பு முழுவதும் என்னுடையது என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். எழுத்திலும் இருக்கட்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். பிப்ரவரி 4. வடக்கும் தெற்கும் மாறிப்போன பக்கம். நிதானமாகப் படித்தாள். ஜன்னல் வழியே என் பால்கனியைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, வடக்கு தெரியாதா ஒங்களுக்கு?"

"வயசாயிட்டுல்லா."

"இதுக்கும் கோடு போடணுமா?"

"அது சின்ன அளவுப் பிழை. இருந்துட்டுப் போகட்டும்" என்று டைரியை வாங்கிக்கொண்டேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் காபி போட்டாள்.

செப்டம்பர் 6

காலை ஏழு மணிக்குச் செண்பா பட்டுப்புடவையில் வந்தாள், நான் வைத்துவிட்டு வந்த புடவை. பின்னாலேயே மாப்பிள்ளை. கையில் சின்ன கேஸ் அடுப்பு. சீனர்கள் மேசை நடுவில் வைத்துக் கொதிக்கக் கொதிக்கக் காய்கறி போட்டுச் சாப்பிடுகிற அடுப்பாம் அது. வெண்கலப்பானை அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. மாப்பிள்ளை வாயில் ஏற்கெனவே கடலைமிட்டாய். பல் டாக்டர் சாப்பிடக் கூடாத பண்டம், ஆனால் நான் ஒன்றும் கேட்கவில்லை.

குருக்கள் மந்திரம் சொன்னார். செண்பா பற்றவைத்தாள். பானையைச் சுற்றி நாங்கள் மூன்று பேரும் குனிந்து நின்றோம். மாப்பிள்ளை மட்டும் அண்ணாந்து, கூரையில் இருந்த புகை மணியைப் பார்த்தபடியே நின்றார்.

பால் ஏறி, நுரைத்து, விளிம்பைத் தாண்டி, பால்கனிப் பக்கமாக வழிந்தது.

"கிழக்கே பொங்கியிருந்தா இன்னும் விசேஷம்" என்றார் குருக்கள். "இது மேற்கே பொங்கிடுத்து."

பிரமு வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள். வாஸ்து தெரிந்தவன் என்ற முறையில் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மேற்கு நல்ல திசைதான் என்றேன்.